யானை பானையான கதை

“ஊர் எல்லையில் யானை நின்றது” என்று ஒரு பழைய நாவலில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளிடம் கொடுக்கிறோம். அச்சான அன்று ‘ய’வின் இடப்பக்க வளைவில் மை சரியாக ஏறவில்லை. மென்பொருள் அதை ‘ப’ என்று படித்துவிடுகிறது. ஊர் எல்லையில் பானை நிற்கிறது. சொற்பிழை திருத்தியை ஓட்டிப் பார்த்தால் அது வாயே திறக்காது. பானை அகராதியில் உள்ள சொல்தானே. இலக்கணமும் கெடவில்லை. காணாமல் போன யானையைப் பானைக்குள் கைவிட்டுத் தேடினான் என்று நம்மூரில் கேலி பேசுவார்கள். அச்சுப் புத்தகத்தை மின்னூலாக்க உட்காருகிறவர் செய்வது கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இன்று அப்படி உட்காருகிறவர்களில் பலர் எழுத்தாளர்களே. தமிழில் சொந்தச் செலவில் புத்தகம் போடுவது புதிதல்ல. கடன் வாங்கி ஆயிரம் பிரதி அடித்து, நூலக ஆணைக்குக் காத்திருந்து, விற்காததைப் பரணில் ஏற்றியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. 2016 டிசம்பரில் அமேசான் தன் கிண்டிலில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளைச் சேர்த்தது. பிறகு பரணில் கிடந்ததற்கு இன்னொரு வாழ்வு உண்டு என்ற எண்ணம் பலருக்கு வந்தது. கிடங்கு வேண்டாம், தாள் வேண்டாம், தபால் செலவு இல்லை. ஏற்றினால் போதும்.

ஆனால் எதை ஏற்றுவது? லெட்டர்பிரஸ் காலத்துப் புத்தகம் என்றால் மூலம் என்று ஒன்று மிஞ்சியிருக்காது. கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, ஃபாரம் அடித்து முடித்ததும், அவற்றைப் பிரித்து அந்தந்த அறையில் போட்டுவிடுவார். அடுத்த புத்தகத்துக்கு அதே ஈயம்தான் வேண்டும். கையெழுத்துப் பிரதியோ அச்சகத்தோடு போயிருக்கும். எஞ்சியிருப்பது புத்தகம் மட்டும். அதாவது, காகிதத்தில் படிந்த மை.

கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவதும் கணினிக்கு எழுத்தாகத் தெரிவதும் ஒன்றல்ல. ஐந்தரைக்கு எட்டரை அங்குல டெம்மிப் பக்கம் ஒன்றை, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற வழக்கமான அளவில் ஸ்கேன் செய்தால் சுமார் 42 லட்சம் பிக்சல் கிடைக்கும். வண்ணத்தில் எடுத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் 200 பக்கப் புத்தகம் இரண்டரை ஜிபி. அதே புத்தகத்தின் எழுத்தை மட்டும் யூனிகோடில் தட்டச்சு செய்தால் ஒரு எம்பிகூட வராது. இத்தனைக்கும் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகிறது. இரண்டரை ஜிபி படத்துக்குள் ‘யானை’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காமல் திரைக்கு வெளியே ஓடும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தின் முன்னால் ஊமையாகிவிடும். ஸ்கேன் செய்த பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டு மின்னூல் போட்டாயிற்று என்று சொல்கிறவர்கள், புத்தகத்தைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படத்தை எழுத்தாக மாற்றுவதற்குப் பெயர் ஓசிஆர். தமிழில் எழுத்துணரி என்கிறார்கள். அதன் முதல் வேலை எழுத்தைப் படிப்பதல்ல, எது மை, எது தாள் என்று முடிவு செய்வது. பழைய தாள் பழுத்திருக்கும். பின்பக்கத்து அச்சு மங்கலாக இந்தப் பக்கம் தெரியும். நடுவில் தைத்த இடத்தை ஒட்டி நிழல் விழும். எந்த அளவு கருமைக்கு மேல் மை, எதற்குக் கீழ் தாள் என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டும். பக்கத்திலுள்ள பிக்சல்களையெல்லாம் கருமை வாரியாக எண்ணிப் பார்த்தால் இரண்டு குவியல்கள் தெரியும்: வெளிறிய பெருங்குவியல் தாள், கரிய சிறுகுவியல் மை. இரண்டையும் மிகத் தெளிவாகப் பிரிக்கும் இடத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்க 1979இல் ஜப்பானிய ஆய்வாளர் நொபுயுகி ஓட்சு ஒரு முறை சொன்னார். இன்றும் பல மென்பொருள்கள் முதலில் எடுப்பது அந்தக் கத்தியைத்தான்.

தமிழுக்கு அந்தக் கத்தி எங்கே விழுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாவல் எழுத்தில் அதன் குறுக்களவு அரை மில்லிமீட்டர் அளவுதான். 300 பிக்சல் அளவில் ஸ்கேன் செய்தால் ஐந்தாறு பிக்சல் அகலத்தில் ஒரு பொட்டு. இடத்தை மிச்சம் பிடிக்க 100 பிக்சலில் எடுத்தால் இரண்டே பிக்சல். தூசிக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. தூசியை நீக்கு என்று மென்பொருளிடம் சொன்னால் புள்ளிகளையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடும். கோட்டைச் சற்று இறக்கினால் தாளிலுள்ள கறையெல்லாம் புள்ளியாகும். ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள். படித்தவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டார்கள். கணினிக்கு அந்த மனம் கிடையாது. ஆகவே, மின்னூலாக்க நினைப்பவர் வேறெதில் சிக்கனம் பிடித்தாலும் ஸ்கேனில் பிடிக்கக் கூடாது. முடிந்தால் 400 வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் முதுகை வெட்டாமல் மேலிருந்து படம்பிடிக்கும் கருவியில் எடுக்க வேண்டும். பரணில் ஐம்பது பிரதி கிடந்தால் ஒன்றைப் பலிகொடுத்துவிடலாம். தாள்கள் தட்டையாகப் படுக்கும், வரிகள் வளையாது, வேலை பாதியாகும்.

அடுத்து, வடிவத்தை எழுத்தாக்குவது. நம் மொழியில் 247 எழுத்து என்று பெருமைப்படுகிறோம். யூனிகோடு 247க்கும் தனித்தனி இடம் தரவில்லை. உயிர், மெய், ஆய்தம், உயிர்மெய்க் குறிகள், புள்ளி என்று உறுப்புகளை மட்டும் வைத்திருக்கிறது. ‘கொ’ என்பது சேமிக்கப்படும்போது முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. தாளிலோ கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில். எழுத்துணரி தான் பார்த்த வரிசையைக் கலைத்து, மொழிக்குரிய வரிசையில் அடுக்க வேண்டும். அந்தக் காலையும் ‘ர’வையும் பிரிப்பது அடியிலுள்ள ஒரு சிறு சாய்வு மட்டுமே. ஔகாரக் குறியின் வலப்பாதியும் ‘ள’வும் அச்சில் ஒரே அச்சு. ‘கௌ’வா, ‘கெள’வா என்று கண்ணால் சொல்ல முடியாது. கொம்பின் சுழி ஒன்றா இரண்டா என்பதில் மை அடைத்துக்கொண்டால் ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகும், ‘மெல்’ என்பது ‘மேல்’ ஆகும், தொல்காப்பியர் தோல்காப்பியர் ஆவார். கடைசியதைச் சொற்பிழை திருத்தி பிடித்துவிடும். முதல் இரண்டும் பானைக் கட்சி.

எண்களிலும் இந்தச் சங்கடம் உண்டு. தமிழ் எண் இரண்டும் ‘உ’வும் ஏறக்குறைய ஒரே வடிவம், எட்டும் ‘அ’வும் அப்படியே. பழைய புத்தகத்தின் முதல் பக்கத்து உச்சியில் பிள்ளையார் சுழி இருந்தால், மென்பொருள் அதை உகரம் என்று எடுத்துக்கொள்ளலாம், இரண்டு என்று பக்க எண்ணாக்கலாம், அல்லது தூசி என்று துடைத்துப் போடலாம். மூன்றுமே நடக்கக்கூடியவை.

1978க்கு முந்தைய புத்தகம் என்றால் இன்னொரு கட்டு. அந்த ஆண்டு அக்டோபரில்தான் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அதற்கு முன் அச்சான ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ ஆகியவற்றில் எழுத்தின் தலைமேல் தும்பிக்கை வளைந்திருக்கும். ‘றா’, ‘னா’, ‘ணா’ ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுருண்டிருக்கும். யூனிகோடுக்கு இரண்டு உருவமும் ஒன்றே. குறி மாறவில்லை, எழுத்துருவின் சட்டைதான் மாறியிருக்கிறது. புதிய வடிவங்களைக் காட்டி மட்டுமே பழக்கப்படுத்திய மென்பொருளோ தும்பிக்கையைப் பார்த்ததும் திகைத்துப்போகும். நமது யானைக்குப் பழைய அச்சில் உண்மையாகவே தும்பிக்கை உண்டு. அதுவே அதன் வம்பு.

இதற்கெல்லாம் நடுவிலும் எழுத்துணரிகள் வெகுவாகத் தேறியிருக்கின்றன. டெசராக்ட் என்ற மென்பொருளின் கதை அதற்குச் சாட்சி. எச்பி நிறுவனத்தில் 1980களின் நடுவில் பிறந்து, 1990களின் நடுவில் கைவிடப்பட்டு, 2005இல் திறமூலமாக வெளிவந்து, மறு ஆண்டிலிருந்து கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. பழைய பதிப்புகள் ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வெட்டியெடுத்து, இது எதன் சாயல் என்று பார்த்தன. 2018இல் வந்த நான்காம் பதிப்பு நரம்புப் பின்னலைப் பயன்படுத்துகிறது. அது எழுத்தை வெட்டுவதில்லை. ஒரு முழு வரியை மெல்லிய கீற்று கீற்றாகப் பார்த்துக்கொண்டே போகிறது. முன்னால் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, இதற்கடுத்து எது வருவது பொருத்தம் என்பதையும் சேர்த்து எடைபோட்டு முடிவு செய்கிறது. ஏறக்குறைய நாம் படிப்பதுபோல.

விபரீதமும் இங்கேதான் இருக்கிறது. பழைய மென்பொருள் ‘பழம்’ என்பதைப் ‘பமம்’ என்று படித்தது. அசடு என்று பார்த்தவுடன் தெரியும், திருத்திவிடலாம். புதியது அப்படி உளறுவதில்லை. மங்கிய இடத்தில் தனக்குத் தெரிந்த ஒரு நல்ல சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். இப்போது பக்கத்தையே படமாகக் காட்டிப் படிக்கச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஒருபடி மேலே. கிழிந்த மூலையில் இல்லாத சொல்லைத் தாமே எழுதிக்கொடுக்கும்; “வந்தாக” என்று கிராமத்துப் பாத்திரம் பேசினால் “வந்தார்கள்” என்று நாகரிகப்படுத்திவிடும்; நீண்ட வாக்கியத்தை நறுக்கிச் செப்பனிடும். எந்த இடத்திலும் ஒட்டுத் தெரியாது. மோசமான கருவியின் தவறு கண்ணில் குத்தும். நல்ல கருவியின் தவறு மூலத்தைப் போலவே இருக்கும். கருவி தேறத் தேற, மெய்ப்புப் பார்க்கிறவரின் வேலை குறைகிறது என்று நினைக்கிறோம். எண்ணிக்கையில் குறைகிறது, கஷ்டத்தில் கூடுகிறது.

எண்ணிக்கைகூடச் சும்மா இல்லை. 98 விழுக்காடு துல்லியம் என்று விளம்பரம் சொன்னால் ஆகா என்று இருக்கும். பக்கத்துக்கு 1500 எழுத்து என்று வைத்தால் அது பக்கத்துக்கு முப்பது பிழை. 200 பக்கத்துக்கு ஆறாயிரம். 99.5 என்றாலும் ஆயிரத்தைந்நூறு. எந்த வாசகரும் பக்கத்துக்கு ஏழு பிழையைப் பொறுத்துக்கொண்டு மூன்றாம் அத்தியாயம் தாண்டமாட்டார்.

ஆங்கிலத்துக்கு இந்தப் பிழைகளைத் திருத்த உலகத்தையே வேலை வாங்கினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயி வான் ஆனும் அவரது குழுவும் 2007இல் கொண்டுவந்த ரீகேப்ச்சா நினைவிருக்கலாம். நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க, கோணல்மாணலாக இரண்டு சொற்களைக் காட்டித் தட்டச்சச் சொல்லும். ஒன்று விடை தெரிந்த சொல், சோதனைக்கு. மற்றது எழுத்துணரி படிக்க முடியாமல் விட்ட சொல். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பழைய இதழ்கள், மின்னஞ்சல் கணக்குத் தொடங்க வந்தவர்களின் விரல்களால், அவர்கள் அறியாமலே இப்படிப் படிக்கப்பட்டன. தமிழுக்கு அந்தக் கூலியில்லா வேலைப்பட்டாளம் வாய்க்கவில்லை. தமிழில் இதைச் செய்தவர்கள் தெரிந்தே, விரும்பியே செய்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தின் லொசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனன் ஆகியோரின் ஒருங்கிணைப்பில், பல நாட்டுத் தமிழர்கள் ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் மெய்ப்புப் பார்த்து இலக்கியங்களை மின்னாக்கினார்கள். விக்கிமூலத்தில் அரசு நாட்டுடைமையாக்கிய ஆயிரக்கணக்கான நூல்களின் படங்களும் எழுத்தும் பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிரே நிற்கின்றன. ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள். வேறொருவரும் பார்த்து ஒப்பினால்தான் பச்சை. முதலில் பார்த்தவரே பச்சை போட முடியாது. தனியாக உட்கார்ந்து தன் புத்தகத்தைத் தானே மாற்றும் எழுத்தாளர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரு விதியைத்தான். எழுதியவரின் கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. தான் எழுத நினைத்ததைப் பார்க்கிறது. பானை என்று திரையில் இருந்தாலும் அவருக்கு யானைதான் தெரியும்.

லெட்டர்பிரஸுக்குப் பிந்தைய புத்தகம் என்றால் இவ்வளவு பாடு இல்லை, டிடிபி செய்த கோப்பு இருக்கிறதே என்று ஒரு நம்பிக்கை வரும். இருக்கலாம். ஏதோ ஒரு சிடியில் பேஜ்மேக்கர் கோப்பாக. அதைத் திறந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமாகக் கந்தர்கோலம் வரும். யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டாலும், அச்சுத் தொழில் வெகுகாலம் அதைச் சீண்டவில்லை. அதற்குப் பதிலாக, ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடையிலும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால், கோப்புக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எம்முக்கு அகரத்தின் முகமூடி, கே-க்கு மகரத்தின் முகமூடி, அரைப்புள்ளிக்கு மெய்ப்புள்ளியின் முகமூடி. எழுத்துரு இருக்கும்வரை அம்மா. அதைக் கழற்றினால் அர்த்தமில்லாத ஐந்து ஆங்கிலக் குறிகள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் வேறு வேறு முகமூடி வரிசை. அவற்றை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகச் சொன்னால் நொடியில் முடித்துவிடும். ஆனால் புத்தகத்தில் நிஜமான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால், அதையும் முகமூடி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். மருத்துவக் கட்டுரை நூல்களில் மருந்தின் பெயரெல்லாம் மந்திரம்போல மாறியிருப்பது இப்படித்தான்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் இரட்டைப் பிறவிகள் உண்டு. ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’வை வைத்தும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’வை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் அச்சுப்பிசகாமல் ஒரே உருவம். கணினிக்கு வேறு வேறு சொல். புத்தகத்தின் பாதியில் ஒன்று, பாதியில் மற்றது என்றால் ஸ்ரீரங்கத்தைத் தேடுகிறவருக்குப் பாதி ஸ்ரீரங்கம்தான் கிடைக்கும். ஒரே முறைக்கு மாற்றிவிட ஒரு நிமிட வேலை; அது தெரிந்திருந்தால்.

எழுத்து சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிதான் பக்கத்தைக் கலைக்க வேண்டும். மின்னூலுக்குப் பக்கம் கிடையாது. கைபேசித் திரைக்கேற்ப வரி நீளும், சுருங்கும். அச்சுப் பக்கமோ சொல்லாமலே பலவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. உச்சியில் இடப்பக்கம் நூலாசிரியரின் பெயர், வலப்பக்கம் அத்தியாயத்தின் பெயர், அடியில் எண். இவை கதையல்ல என்று வாசகருக்குத் தெரியும். எழுத்துணரிக்குத் தெரியாது. “அவள் கதவைத் திறந்து” என்று முடிந்த பக்கத்துக்கும் “உள்ளே போனாள்” என்று தொடங்கும் பக்கத்துக்கும் நடுவில் 147 என்ற எண்ணும் நூலாசிரியரின் பெயரும் நுழைந்து நிற்கும். கதவு திறந்ததும் ஆசிரியரே உள்ளே நின்றதுபோல.

இதைவிடப் பெரிய தொல்லை வரி முறிவு. ஆங்கிலத்தில் வரிக்கடைசியில் சொல் உடைந்தால் ஒரு சிறுகோடு போடுவார்கள். தமிழ் அச்சில் பெரும்பாலும் அந்த வழக்கம் இல்லை. சொற்கள் நீளம், வரி சமமாக நிறைய வேண்டும், ஆகவே கம்பாசிட்டர் எங்கே இடம் முடிகிறதோ அங்கே உடைத்து அடுத்த வரிக்குப் போய்விடுவார், புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்வார். “சொல்லிக்கொண்” என்று ஒரு வரி முடியும், “டிருந்தாள்” என்று அடுத்தது தொடங்கும். வாசகர் கண் சிமிட்டாமல் சேர்த்துப் படித்துவிடுவார். மின்னூலாக்கும் மென்பொருள் வரிகளை ஒட்டும்போது நடுவில் ஓர் இடைவெளியைப் போடும். விளைவு, “சொல்லிக்கொண் டிருந்தாள்” என்ற ஊனம் திரையின் நடுவில் நிற்கும். எல்லா வரியையும் இடைவெளியில்லாமல் ஒட்டு என்று சொன்னால், தனித்தனிச் சொற்களெல்லாம் கோத்துக்கொள்ளும். வரிக்கடைசியில் ‘பல’, அடுத்த வரியில் ‘கை’. பலகையா, பல கையா? இலக்கணக்காரர்கள் பொதுமொழி என்று பெயரிட்டு ரசித்த சங்கதி இங்கே ஒவ்வொரு பக்கத்திலும் முப்பது முறை கேட்கப்படுகிற கேள்வி. அகராதியை வைத்துப் பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம். எஞ்சியதற்கு அந்த வாக்கியத்தைப் படித்தே ஆகவேண்டும்.

இப்படித் துப்புரவான எழுத்தை ஈபப் என்ற பொதியாகக் கட்டுகிறார்கள். 2007இல் தரமாக்கப்பட்டு, 2011இல் மூன்றாம் பதிப்பு கண்ட இந்த வடிவம் உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் வாலை மாற்றிவிட்டுத் திறந்தால் உள்ளே ஒரு சிறு இணையதளமே இருக்கும்: அத்தியாயத்துக்கு ஒரு பக்கம், அலங்காரத்துக்கு ஒரு கோப்பு, படங்கள், எது எதன்பின் வரவேண்டும் என்ற பட்டியல். எல்லாவற்றுக்கும் முதலாவதாக, சுருக்கப்படாமல், இருபதே எழுத்து கொண்ட ஒரு குட்டிக் கோப்பு. ‘நான் ஈபப்’ என்று வாசலில் நின்று சொல்வது மட்டும் அதன் வேலை. இங்கே தலைப்பைப் பெரிய எழுத்தில் தடிமனாகப் போட்டால் போதாது. இது தலைப்பு என்று குறியிட வேண்டும். அப்போதுதான் வாசிப்புக் கருவி பொருளடக்கத்தைத் தானே எடுக்கும். திரைவாசிப்பான் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவும். பார்வையற்றோருக்கு நூல்களை எட்டச்செய்யும் மரகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. கண்ணுக்கு மட்டும் அழகான மின்னூல்களை அந்த நாட்டிலேயே தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

கதை, கட்டுரையெல்லாம் இந்த நெகிழ்வுக்கு ஒத்துப்போகும். மரபுக்கவிதை ஒத்துப்போகாது. வெண்பாவின் நாலாமடி கைபேசியில் மடங்கி ஐந்தாமடிபோல் நின்றால், ஈற்றடி முச்சீர் என்பதே தெரியாமல் போகும். மடங்கும் பகுதியை உள்தள்ளிக் காட்டச் செய்யலாம், பலர் செய்வதில்லை. வட்டார வழக்கில் எழுதியவர்கள் சொற்பிழை திருத்தியைப் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்குத் தனி அகராதியே தொகுக்க வேண்டியிருந்தது; அந்தச் சொற்களெல்லாம் கணினிக்குப் பிழை. ‘அய்யா’ என்று கொள்கையோடு எழுதியவரை ‘ஐயா’ ஆக்கிவிடும் அபாயமும் உண்டு.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. சொந்தமாகப் போட்ட புத்தகம் என்றால் சிக்கல் இல்லை. முன்பு ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தால் ஒப்பந்தத்தைத் தேடி எடுக்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒழிய, உரிமை மாற்றம் செல்லாது என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அட்டை ஓவியம் வரைந்தவரின் அனுமதி தனி. அச்சு நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணை மின்னூலுக்குப் போடக் கூடாது. வேறு வடிவத்துக்கு வேறு எண். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமை அதை இலவசமாகவே தருகிறது. கிண்டிலில் மட்டும் வெளியிடுகிறவருக்கு அதுவும் கட்டாயமில்லை.

கடைசியாக, பழைய தமிழ்ப் புத்தகங்களின் பின்னட்டைக்குச் சற்று முன்னால், சில சமயம் ஒட்டுத்தாளாகவே, “பிழை திருத்தம்” என்று ஒரு பக்கம் இருக்கும். பக்கம் 47, வரி 12, பிழை, திருத்தம் என்று நாலு கட்டம். அச்சான பிறகு ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டு சேர்த்த பக்கம் அது. மின்னூலில் பக்கம் 47 கிடையாது, வரி 12 கிடையாது. படத்தைப் பார்த்து அந்த இடங்களைத் தேடிப் பிடித்து, உள்ளேயே திருத்திவிட்டு, பட்டியலை எடுத்துவிட வேண்டும். விக்கிமூலம்போல் ஆவணமாகப் பாதுகாக்கிறவர்கள் மூலத்தில் உள்ளபடியே விடுவார்கள். அது அவர்கள் தர்மம். தன் நூலைத் தானே மறுபடி வெளியிடும் ஆசிரியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முப்பது வருடத்துக்கு முன் எழுதிய வாக்கியத்தையே மாற்ற வேண்டும் என்று கை ஊறும். அப்படி மாற்றினால் முன்பக்கத்தில் ‘திருத்திய பதிப்பு’ என்று போட்டுவிடுவதுதான் நியாயம். பட்டியலில் உள்ள பிழைகளைத் திருத்துவதற்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பல புத்தகங்களில் அந்தப் பிழை திருத்தப் பக்கத்திலேயே ஒன்றிரண்டு பிழை இருக்கும்.